ஆங்கில வாசிப்பும் மலையக மாணாக்கரின் மனப்பாங்கும்

பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பணித்தபொழுது, எதைப்பற்றி எழுதுவீர் என்று அவர்கள் கேட்டிலர்; யாமும் சொல்லவில்லை. தமிழாசிரியராதலின் கம்பனையோ சிலம்பையோ எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வாறாயின் இம்முறை அவர்களுக்குச் சிறிது ஏமாற்றமே. யாம் எழுதப் புகுந்தது ஆங்கிலப் பாடத்தைப் பற்றி. தமிழ் கற்பிப்பவனுக்கு ஆங்கிலப் பாடத்தில் என்ன அலுவல் என்று வினவுவோர், இக்கட்டுரையின் நடுப்பகுதி வரையேனும் பொறுத்திருப்பாராக.

முதற்கண் எம் பிழையொன்றைச் சொல்லிவிடுகின்றோம். யாம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆண்டில், எமது தோட்டத்துப் பிள்ளைகளுள் ஆங்கிலத்திற் சித்தியடைந்தவர் யாம் ஒருவரே. லயத்தில் அது பெரும் பேச்சாயிற்று. சில திங்கள் கழிந்தபின் எம் தந்தையாருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அவர் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கவ்வாத்து வெட்டியவர். ஓய்வுபெற்றபின் கைக்கு வரவேண்டிய பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். இஸ்தோப்பில் அயலவர் கூடி நிற்க, யாம் அக்கடிதத்தை உரத்த குரலில், தடங்கலின்றி, முதலெழுத்து முதல் ஒப்பம் வரை வாசித்தோம். “பிள்ளை துரை மாதிரியே வாசிக்குது” என்றார் ஒரு கிழவியார். “என்னப்பா எழுதியிருக்கு?” என்று தந்தையார் கேட்டார். “பணம் வருமாம் அப்பா” என்றோம்.

கடிதம் சொன்னது அதுவன்று. இரு பத்திரங்களில் அவருடைய பெயர் வேறு வேறாக எழுதப்பட்டிருப்பதாகவும், குறித்த திகதிக்குமுன் சத்தியக்கடதாசி ஒன்று அனுப்பப்படாவிடின் விண்ணப்பம் ஒதுக்கி வைக்கப்படும் என்றும் அதில் இருந்தது. ‘அன்லெஸ்’ என்னும் ஒரு சொல்லில் முழுப் பொருளும் தங்கியிருந்தது. அச்சொல்லை யாம் மிகத் திருத்தமாக உச்சரித்தோம். உச்சரித்துவிட்டு அப்பாற் சென்றோம். திகதியும் சென்றது. அதன்பின் எம் தந்தையார் இரண்டாண்டு பேருந்தேறி அலைந்தே அப்பணத்தைப் பெற்றார். எம்மை ஒரு சொல் கடிந்தாரில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை பிழைவிட்டிருக்க மாட்டான், அலுவலகத்தார்தாம் ஏதோ மாற்றிவிட்டார்கள் என்றே அவர் கடைசிவரை நம்பியிருந்தார்.

அன்று எமக்குத் தெரிந்திருந்த ஆங்கிலம் யாது? ‘எனது பாடசாலை’, ‘பசு’, ‘நான் கண்ட விபத்து’ ஆகிய மூன்று கட்டுரைகள் மனப்பாடம். விடுமுறை கேட்டு அதிபருக்கு எழுதும் கடிதம் ஒன்று. அத்துடன் கிரகித்தற் பகுதிக்கு ஒரு தந்திரம். வினாவில் உள்ள பெரிய சொல்லைப் பத்தியிற் தேடிப் பிடித்து, அச்சொல் நிற்கும் வரியை முற்றுப்புள்ளி வரை பெயர்த்தெழுதிவிடுவது. பொருள் விளங்கவேண்டுவதில்லை. இத்தந்திரத்தை எமக்கு ஒருவரும் கற்பித்திலர். பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துத் தலைமுறை தலைமுறையாக ஒருவர்க்கொருவர் கொடுத்துவரும் சொத்து அது. இன்றும் எம் வகுப்பறைகளில் அது வாழ்கின்றது.

ஐயமுடையார் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். யாம் ஒன்பதாந் தரத்துத் தமிழ்ப் பாடவேளை ஒன்றில் கரும்பலகையில் இவ்வாறு எழுதினோம்: “மூரன் தடிலியைப் பிலைந்தான். பின்னர் அதனைச் சோமட்டில் இட்டான்.” பின், “மூரன் எதனைப் பிலைந்தான்?” என்றோம். வகுப்பு முழுவதும் கை உயர்ந்தது. “தடிலியை!” “எதில் இட்டான்?” “சோமட்டில்!” முழுப் புள்ளி. “நல்லது, தடிலி என்றால் என்ன?” என்றபோது ஓர் அமைதி, பின்னர் ஒரே சிரிப்பு. பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, “சேர், இங்கிலீசு பாடத்துல நாங்க இதத்தானே செய்யுறோம்” என்றான். யாம் பல ஆண்டாகச் சொல்ல முயன்றதை அவன் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டான்.

பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை வகுத்து உவமை கூறியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைமாணாக்கர். இதிற் கவனிக்கத்தக்கது கிளியின் இடம். சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியை அவர் கடையில் தள்ளவில்லை. ஆயினும் முதலிலும் வைக்கவில்லை. பெற்றதை இருந்து அசைபோடும் பசுவுக்கே முதல் வரிசை. எம் குறை என்னவெனின், பசுவாக வரும் பிள்ளையையும் ஆங்கிலப் பாடவேளையிற் கிளியாக்கி அனுப்புகின்றோம் என்பதே. அதே பிள்ளை கணிதத்தில் ‘ஏன்’ என்று கேட்கின்றது, விஞ்ஞானத்திற் கேட்கின்றது, ஆங்கிலத்திற் கேட்பதில்லை. அறிவு ஒன்றாயிருக்க, பாடத்துக்குப் பாடம் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

அது மனப்பாங்கிலிருந்து வந்தது என்பதே எம் துணிபு. அம்மனப்பாங்குக்கு ஒரு வரலாறு உண்டு.

தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் மொழி, கந்தோரின் மொழி. பெயர்ப்பதிவும், சம்பளக் கணக்கும், கட்டளையும் அம்மொழியில் எழுதப்பட்டன. தொழிலாளி அவற்றின் அடியில் பெருவிரலை வைத்தான். எழுதியதன் பொருளைக் கணக்கப்பிள்ளை சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. எழுத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே வேர்விட இடமில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திற்று என்பது உண்மை. அது கருதிய கல்வியோ சுயமொழியில் எழுத்தும் எண்ணும் மட்டுமே. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தது. தோட்டப் பாடசாலைகள் அவ்வாசலுக்கு வெளியே நின்றன. அவை அரசின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில். அதுவரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓராசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்பு, அதற்கப்பால் மலை. ஆங்கிலம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்த பட்டணத்துப் பாடசாலைகளின் பொருளாயிருந்தது.

எம் தோட்டங்களின் பெயர்களையே பாருங்கள். வெள்ளைக்காரன் தன் ஊர் நினைவில் டெவன் என்றான், சென்கிளேயர் என்றான். தொழிலாளர் அவற்றுள் பலவற்றுக்குத் தமிழிற் தாமே வேறு பெயரிட்டு அழைத்தனர். ஒரே மலைக்கு இரு பெயர்; பலகையில் ஒன்று, வாயில் ஒன்று. பூண்டுலோயாவில் டன்சினன் தோட்டம் இருக்கின்றது. டன்சினன் என்பது சேக்சுபியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில், காடு நகர்ந்து வந்து முற்றுகையிடும் கோட்டை நிற்கும் மலை. அத்தோட்டத்திலிருந்து பாடசாலை வந்த பிள்ளைகளிடம் யாம் இதனைச் சொன்னபொழுது, ‘எங்கட டன்சினனா சேர்?’ என்று அவர்கள் கண் விரிந்ததை மறக்கமாட்டோம். நாள்தோறும் கண்ட பெயர்ப்பலகைக்கு ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

இவ்வச்சம் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். வைத்திருப்பவன் கையில் ஆயுதம். இல்லாதவன் கழுத்துக்கு ஆபத்து. பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1990ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா இன்னும் நுணுகிப் பார்த்தார். அமெரிக்காவில் ஆக்கப்பட்ட பாடநூல் ஒன்றை அவர் தம் மாணவருக்குக் கற்பித்தார். வகுப்பில் அவர்கள் வாய்திறக்காது அமர்ந்திருந்தனர். இலக்கணமும் பரீட்சைக்கு வேண்டியதும் தந்தாற் போதும் என்றனர். ஆனால் பாடநூல்களின் ஓரங்களைப் புரட்டியபொழுது அங்கே வேறோர் உலகம் இருந்தது. தமிழில் எழுதிய குறிப்புகள், பகடிகள், நூலிலிருந்த படங்களுக்கு வேட்டியும் பொட்டும் இட்டாற்போன்ற திருத்தங்கள். அந்நூலுடன் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆசிரியருக்குக் கேளாத இடத்தில், தம் மொழியிற் பேசினார்கள். 1993இல் வெளிவந்த அவர் கட்டுரையையும் 1999இல் வந்த நூலையும் ஆங்கில ஆசிரியர்கள் கற்றிருப்பர். தமிழாசிரியரும் கற்கவேண்டியவை அவை. எம் மாணாக்கரின் பயிற்சிக் கொப்பிகளின் ஓரங்களை அதன்பின்னரே யாம் பார்க்கத் தொடங்கினோம். அங்கே பெரும்பாலும் வெறுமையே இருந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் எதிர்த்துப் பேசினர். எம் பிள்ளைகள் எதிர்க்கவும் உரிமையில்லை என்று எண்ணுகின்றனர் போலும்.

மறுபுறத்தில் வேறொரு மனப்பாங்கும் வளர்ந்து வருகின்றது. ஹட்டன் நகரில் மதிலுக்கு மதில் ஒட்டப்பட்டிருக்கும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ விளம்பரங்களை அன்பர்கள் கண்டிருப்பர். பேச்சு வேண்டாம் என்போமல்லோம். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய் தன் கூலியில் மிச்சம்பிடித்துக் கட்டும் பணத்துக்கு ஈடாக, பிள்ளை நான்கு வந்தனமும் ஒரு தன்னறிமுகமும் ஒப்புவித்துவிட்டு வீடு திரும்புகின்றது. அது எம் இஸ்தோப்பு வாசிப்பினின்று வேறானதன்று. அன்று வாசிப்பொலி, இன்று பேச்சொலி. இரண்டிலும் ஆங்கிலம் அணியும் நகை. திறந்து பார்க்கும் பெட்டியாக அதனை நாம் எண்ணுவதில்லை.

மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் வங்காளத்தில் டாக்கா நகரில் ஆசிரியர்களைப் பயிற்றியவர். அவர் 1926இல் எழுதிய நூலில் ஒரு கேள்வி கேட்டார். பாதியிற் பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன கிடைத்தது? காப்புறுதிப் பத்திரத்தை இடையிற் கைவிடுவோனுக்கும் ஒரு தொகை திரும்பக் கிடைப்பதுபோல, கல்விக்கும் அவ்வாறொரு தொகை இருக்கவேண்டும் என்றார் அவர். அத்தொகையை விரைவிற் தரவல்லது வாசித்து விளங்கும் ஆற்றலே என்பது அவர் முடிபு. வங்காளத்துக்கு அவர் சொன்னது எம் மலைகளுக்கு எழுதி வைத்தாற்போலப் பொருந்துகின்றது. எம் பிள்ளைகளுட் பலர் பதினாறு வயதிற் கொழும்புக் கடைகளுக்குச் செல்கின்றனர். சிலர் வளைகுடா நாடுகளுக்கு. தரம் 3 முதல் 11 வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்றபின், வேலை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்து, சம்பளத்தில் எதனைக் கழிப்பார்கள் என்று அறிய இயலவில்லையானால், அவ்வொன்பது ஆண்டுகளாற் கைக்கு வந்த தொகை எவ்வளவு?

உயர்தரம் கற்போர் நிலையும் அத்துணை வேறன்று. சாதாரண தரத்தில் ஆங்கிலம் தவறினும் உயர்தர வகுப்புக்குச் செல்லலாம். அங்கே பொது ஆங்கிலம் என்றொரு பாடம் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளியில் அது சேர்வதில்லையாதலின் பிள்ளைகள் அதனைத் தொடுவதில்லை. பின்பு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ தெரிவாகிச் சென்ற முதல் வாரத்திலேயே ஆங்கிலப் பெருநூல்கள் அவர்கள்முன் வைக்கப்படுகின்றன. எம் பழைய மாணவர் சிலர் அம்முதலாண்டின் இரவுகளைப் பற்றி எமக்குச் சொல்லியிருக்கின்றனர். அவர்கள் இம்மலரில் தாமே எழுதினால் நன்று.

இனித் தமிழாசிரியனின் அலுவலுக்கு வருவோம்.

‘த மேன் ஹூ சோல்ட் த கவ் வென்ட் டு ஹட்டன்.’ இவ்வாக்கியத்தை எட்டாந் தரத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஹட்டனுக்குச் சென்றது யார் என்று கேளுங்கள். பாதிப்பேர் ‘பசு’ என்பர். மேன், கவ், சோல்ட், வென்ட் ஆகிய சொற்கள் அனைத்தும் அவர்களுக்குத் தெரியும். சொல் தெரிந்தும் பொருள் தவறியது ஏன்? தமிழில் ‘பசுவை விற்ற’ என்னும் பெயரெச்சத் தொடர் மனிதனுக்கு முன்னே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது மனிதனுக்குப் பின்னே தொங்கும். அதனைக் கடந்து வினைக்கு வருமுன் பிள்ளை எழுவாயை மறந்துவிடுகின்றது. அண்மையிலிருக்கும் பசுவைப் பிடித்துக்கொள்கின்றது. ‘பசுவை விற்ற மனிதன்’ என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதி, இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டுக் காட்டினால், அப்பிழை மறுநாள் பாதியாகின்றது. இதனை விளக்கப் பெயரெச்சம் தெரிந்திருக்க வேண்டும். அது தமிழாசிரியனின் பொருள்.

எம் தந்தையாரின் கடிதத்தில் எம்மை வீழ்த்திய ‘அன்லெஸ்’ என்பதும் அவ்வினத்ததே. தமிழில் நிபந்தனை வினையின் வாலில் நிற்கும். அனுப்பினால், அனுப்பாவிடின், அனுப்பியும், அனுப்பும்வரை. வினையைத் தொட்டவன் வாலைத் தவறவிட முடியாது. ஆங்கிலத்தில் அது தனியொரு சிறு சொல்லாக முன்னே நிற்கும். எம் பிள்ளைகளோ பெரிய சொற்களுக்கே அகராதி பார்க்கின்றனர். சிறு சொற்களை மணலென்று தள்ளிவிடுகின்றனர். அன்லெஸ், ஆல்தோ, அன்டில், நைதர், ஈவன் இஃப் ஆகிய இச்சிறு சொற்களே வாக்கியத்தின் அச்சாணிகள். நெய்யரி நெய்யை விட்டுக் கசடைப் பற்றுவது போலாயிற்று கதை. ஆங்கில ஆசிரியர் ஆயிரஞ் சொற்பட்டியல் கொடுப்பதினும், இத்தகைய முப்பது சிறு சொற்களுக்குத் தமிழில் எவ்விகுதி ஈடாகும் என்று தமிழாசிரியரும் அவரும் ஒரு மாலைப்பொழுது உடனிருந்து எழுதிக் கொடுப்பது பயன் மிகுதி உடையது. யாமும் எமது கல்லூரி ஆங்கில ஆசிரியையும் அவ்வாறு செய்தோம். இருபத்தேழில் நின்றுவிட்டது, மிச்சத்தை யாராயினும் நிரப்புக.

ஆங்கில வகுப்பிற் தமிழ் நுழைந்தால் மொழி கெடும் என்னும் அச்சம் பயிற்சிக் கலாசாலைகளில் எமக்கும் ஊட்டப்பட்டதே. அதில் உண்மை இல்லாமலில்லை. வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்காது; தமிழுக்குக் காத்திருக்கும். யாம் வேண்டுவது அதுவன்று. பத்தி ஆங்கிலத்தில் இருக்கட்டும். பிள்ளை அதனைத் தானே வாசிக்கட்டும். விளங்கியதைத் தமிழிற் சொல்லட்டும். தமிழிற் சொல்லும்பொழுது வரியைப் பெயர்த்தெழுத முடியாது. தடிலிக்குத் தமிழிற் பெயர் சொல்லியே ஆகவேண்டும். கிரகித்தலுக்கு இதைவிட நேர்மையான சோதனை எமக்குத் தெரியாது.

ஆயின் எம்மவர்மீதும் குற்றம் உண்டு. அதனை மறைத்தல் தகாது. செய்யுளுக்குப் பொருள் காண எட்டு வகைப் பொருள்கோளை வகுத்துவைத்த மரபு எம்முடையது. சொற்கள் நின்ற வரிசையை நம்பாதே, எச்சொல் எதனோடு கூடுகின்றது என்று தேடு என்பதன்றோ கொண்டுகூட்டின் சாரம்? அந்த ஆற்றலுடைய பிள்ளை ஆங்கில வாக்கியத்துக்கு அஞ்சாது. தமிழ் வகுப்பில் நாம் செய்வது யாது? பதவுரையைச் சொல்ல, பிள்ளை எழுத, பரீட்சையில் திருப்பித் தர, புள்ளி போடுகின்றோம். தாய்மொழியிலேயே பொருளைத் தேடப் பழகாதவனை அயல்மொழியிற் தேடச் சொல்லுதல் எவ்வாறு? யாமும் பதினைந்து ஆண்டு குறிப்புரை சொல்லி எழுதுவித்தவரே. ஆங்கில ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் எமக்கு எளிது. அவர்களோ பல பாடசாலைகளில் ஒருவராய், இரண்டு மூன்று தரங்களை ஒரே நேரத்திற் கட்டிமேய்க்கின்றனர்.

தமிழை விட்டால்தான் ஆங்கிலம் வரும் என்பாருக்கு எம் மலையகத்திலேயே விடை உண்டு. வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) 1947இல் தலவாக்கலைத் தொகுதிக்குப் பாராளுமன்றம் சென்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய தோட்டத்துக் கவிதையைச் சக்தி பால ஐயா பின்னர் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். அதே சி. வி. தான் லயங்களிற் பாடப்பட்ட நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும். தப்பொலி கேட்ட செவியால் அவர் ஆங்கிலத்தைக் கேட்டார். அதனாலேயே அவர் ஆங்கிலம் துரையின் ஆங்கிலமாகாது நின்றது. இந்துக் கல்லூரிகள் என்னும் எண்ணமே இவ்வழிப் பிறந்ததன்றோ? நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை தொடங்கியது, தன் சமயத்தையும் மொழியையும் விடாது ஆங்கிலம் கற்க ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே. பொருள் முட்டுப்பாட்டால் அது நீடிக்கவில்லை. எண்ணம் நீடித்தது.

பிஜித் தீவைப் பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களின் கண்ணீரால் எமக்கு அறிமுகம் செய்தார். எம் மூதாதையர் மலைக்கு வந்ததுபோல் அங்கே கரும்புக்குச் சென்றவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் படித்த பாடசாலைகளும் அடங்கிய கிராமப் பாடசாலைகள் சிலவற்றில், 1980ஆம் ஆண்டில் வார்விக் எல்லி, பிரான்சிசு மங்குபாய் என்னும் இருவர் ஒரு முயற்சி செய்தனர். வகுப்பு ஒவ்வொன்றுக்கும் படங்களோடு கூடிய ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் 250 கொடுத்தனர். நாள்தோறும் சிறிது நேரம் அவற்றை வாசிப்பது, அவ்வளவே. எட்டுத் திங்களில் அப்பிள்ளைகளின் வாசிப்பாற்றல் மற்றைய பிள்ளைகளைப்போல் இருமடங்கு வேகத்தில் வளர்ந்ததை அவர்கள் அளந்து 1983இல் வெளியிட்டனர். பின்னர் 1990களில் எம் நாட்டின் சிறு பாடசாலைகள் சிலவற்றிலும் எல்லி இவ்வாறு செய்து நற்பயன் கண்டார். அங்கே யாரும் பிள்ளைகளுக்குத் துணிவு கொள்க என்று உபதேசிக்கவில்லை. கதை எப்படி முடிகின்றது என்று அறியும் ஆவல் வந்தபின், அச்சத்துக்கு நேரமில்லாமற் போயிற்று.

எம்மால் இயன்றதைச் சிறிய அளவில் யாமும் செய்து வருகின்றோம். புதன்கிழமை தோறும் பாடசாலை விட்டபின், எட்டாந் தரத்துப் பிள்ளைகள் சிலர் எம்முடனும் ஆங்கில ஆசிரியையுடனும் ஒரு மணிநேரம் இருப்பர். வீட்டில் ஆங்கிலத்தில் எது கிடக்கின்றதோ அதனைக் கொண்டுவருவது விதி. மருந்துக் குளிசைப் பெட்டியினுள் இருக்கும் தாள், அண்ணன் கொழும்பிற் தவணைமுறையில் வாங்கிய கைத்தொலைபேசியின் கடன் பத்திரம், தேயிலைப் பெட்டி. அதனை வாசித்துத் தமிழிற் சொல்லவேண்டும். தொடங்கியபொழுது பதினெட்டுப் பேர், இப்பொழுது பதினொருவர். அவருள் ஒருவன் விசுக்கோத்துக்காக வருகின்றான் என்பது எமக்குத் தெரியும், வரட்டும். தவணைப் பரீட்சையிற் பெரிய மாற்றம் எதுவும் கண்டிலோம். ஆனால் வாசித்துக்கொண்டு போகும்பொழுது இடையில் நின்று, “சேர், இது விளங்கவில்லை” என்று சொல்லும் வழக்கம் அவர்களுக்கு வந்திருக்கின்றது. இருபத்தைந்து ஆண்டுக்குமுன் இஸ்தோப்பில் எமக்கு வராதது அவ்வொரு வாக்கியமே.

1956இல் ஒரு மொழி அரசமொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசமொழியென ஏற்று, ஆங்கிலத்தை இணைப்பு மொழியெனக் கூறிற்று. எம் மக்களுக்கு வரும் கடிதம் எம் மக்களின் மொழியில் வரவேண்டும் என்று கேட்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கலாகாது. அது வரும்வரையும், வந்தபின்னும், மற்றைக் கடிதத்தையும் வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

யூபிலி ஆண்டு நினைவாக வாயிலில் ஒரு வளைவு கட்டலாமா, மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்பலாமா என்று பழைய மாணவர் சங்கத்தார் ஆலோசிப்பதாகக் கேள்வி. இரண்டும் அழகியனவே. அத்தொகையில் ஒரு பகுதியையேனும் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள வகுப்பறைகளுக்குச் சிறு ஆங்கிலக் கதைப்புத்தகங்களாகத் தர இயலுமாயின், அவற்றை எண்ணிப் பதிந்து அட்டையிட்டு வைக்கும் வேலையை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். கிழிந்து போகும், தொலைந்து போகும், லயத்துக்குச் சென்று தங்கையின் கையிற் கிறுக்கலோடு திரும்பும். அதற்கும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குக. பெரிய நூலகத்தில் எமக்கு ஏற்கெனவே கண்ணாடி அலுமாரிகள் உள; அவற்றின் திறப்புகள் அலுவலக மேசையில் உள. இப்புதிய தட்டுகளைச் செய்விக்கும் அன்பர் தச்சரிடம் சொல்லிவிடுக: கதவும் பூட்டும் வேண்டா.